அப்பா பெயரில் ஓர் ஆண்டு: ஜப்பானில் படிப்பவர்கள் அன்றாடக் கூத்துகளை இங்கே கொட்டுங்கள்

கொங்கு_செண்டாய் | 2025 செப்டம்பர் 9, இரவு 11:52

செண்டாய்க்கு வந்து வரும் அக்டோபரோடு ஒரு வருடம் ஆகிறது. பொருள் அறிவியலில் முதுகலை. வருவதற்கு முன் நான் பயந்தது நிலநடுக்கத்துக்கும் கான்ஜி என்கிற சீன எழுத்துக்கும்தான். கடைசியில் என்னை வைத்துச் செய்தது என் பெயர்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஏஜென்ட் அப்பா பெயரைப் போட்டுவிட்டார். நமக்கு அது வெறும் இனிஷியல். இங்கே அதுதான் ஆளின் பெயர்! குடும்பப் பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் முதல் நாளிலிருந்தே நான் பழனிச்சாமி சான். அதிலும் இவர்களுக்கு ழகரம் மட்டுமல்ல, லகரமே கிடையாது, ஆகவே 'பராநிசாமி சான்'. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று முதல் வாரம் முழுக்கத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்தேன். திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பார்கள்.

ஒருநாள் மாலை ஆறரை மணி, நம் ஊரில் மதியம் மூன்று. ஆய்வகத்துக்கு வெளியே நடைபாதையில் நின்று அப்பாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். சென்சேய் (எங்கள் பேராசிரியர்) அந்தப் பக்கம் வந்து, "பராநிசாமி சான், அந்தத் தரவு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஈரோட்டிலிருந்து அப்பா, "சொல்லுங்க சார்" என்று நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பது உடம்பிலேயே ஊறிவிட்டது.

சிரித்தாயிற்றா, இனி அழுகைக் கதை. பிறமொழிப் பெயர்களை இங்கே கதகனா எழுத்தில் எழுதுவார்கள். வங்கியில் 'பராநிசமி' என்று குறிலாக எழுதிக் கொடுத்தேன். உதவித்தொகை விண்ணப்பத்தில் 'பராநிசாமி' என்று நெடிலுக்கான கோடு ஒன்று சேர்ந்துவிட்டது. அந்த ஒரு கோட்டுக்காகப் பணம் திரும்பிப் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான், ஆனாலும் அது சரியாகும் வரை இரண்டு வாரம் தோஃபுவும் மோயாஷியும்தான் சாப்பாடு. மோயாஷி என்றால் முளைகட்டிய பயறு, கடையில் இருப்பதிலேயே மலிவான காய் அதுதான்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும், எழுதுங்கள்.

ஒசாகா வாணி | செப்டம்பர் 10, காலை 7:15

தம்பி, உனக்காவது அப்பா பெயர். என்னை முதலை ஆக்கிவிட்டார்கள். 'வாணி' என்று நாம் சொல்வது இவர்கள் காதில் 'வனி' என்று விழுகிறது, வனி என்றால் முதலை. அறிமுகக் கூட்டத்தில் பெயரைச் சொன்னதும் முன்வரிசை உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு மாதம் கழித்து, பிறந்தநாளுக்கு முதலைப் படம் போட்ட கைத்துண்டு கொடுத்தபோதுதான். இதே ஆய்வகத்தில் எனக்கு முன்னால் படித்தவர் ஒரு குமார், அவர் 'குமா சான்'. குமா என்றால் கரடி. ஆக எங்களுடையது கொஞ்ச நாளாகவே மிருகக்காட்சிசாலை.

கதகனா விஷயத்தில் தம்பி சொன்னதைப் புதிதாக வருபவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வந்த அன்றைக்கே ஒரு எழுத்துக்கூட்டை முடிவு செய்து, காகிதத்தில் எழுதிப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வங்கி, போன் இணைப்பு, காப்பீடு, எங்கே போனாலும் அதையே பார்த்து எழுதுங்கள். கவுன்டரில் இருப்பவர் அன்பாக, "இப்படி எழுதினால் உச்சரிப்பு இன்னும் நன்றாக இருக்குமே" என்று திருத்த வருவார். விடாதீர்கள்.

கையெழுத்துக்குப் பதில் இங்கே குத்தும் பெயர் முத்திரையும் ஒன்று செய்துகொண்டேன். நூறு யென் கடையில் சாத்தோ, சுசுகி, தனகா என்று ஆயத்தமாக அடுக்கி வைத்திருப்பார்கள், நமக்குத் தனியாகத்தான் செதுக்க வேண்டும். இப்போது பல இடங்களில் கையெழுத்தே போதும். ஆசைக்குச் செய்ததுதான்.

மூட்டைமுடிச்சு | செப்டம்பர் 10, மாலை 4:40

எல்லோருக்கும் வணக்கம். நான் 28ஆம் தேதி கிளம்புகிறேன், தோக்கியோ பக்கம், அக்டோபர் சேர்க்கை. இந்த இழையைப் படித்துவிட்டுப் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தால் எனக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. ஒரே பெயர்தான். பிரச்சினை வருமா?

அப்புறம் அம்மா மிக்ஸி, குக்கர், ஆறு கிலோ பொன்னி அரிசி, ஊறுகாய் என்று கட்டிக்கொண்டே இருக்கிறார். இருபத்து மூன்று கிலோவில் எதை வெட்டுவது? நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். பகுதி நேர வேலை உடனே கிடைக்குமா என்றும் சொல்லுங்கள். கேள்வி நிறைய இருக்கிறது, மன்னிக்கவும்.

பழைய ஆய்வகம் | செப்டம்பர் 10, இரவு 9:30

தம்பி மூட்டைமுடிச்சு, முதலில் மிக்ஸியை வெளியே எடு. இங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் ஊரின் 230 வோல்ட் மிக்ஸி முனகும், அரைக்காது. பிளக்கும் தட்டையான இரண்டு கால். இன்னொரு வேடிக்கை, நாட்டின் கிழக்குப் பாதி 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதி 60. மெய்ஜி காலத்தில் (பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்) தோக்கியோவுக்கு ஜெர்மன் இயந்திரமும் ஒசாகாவுக்கு அமெரிக்க இயந்திரமும் வாங்கியது இன்று வரை அப்படியே நிற்கிறது. குக்கரைக் கொண்டு வா, ஆனால் அடுப்பு எரிவாயுவா மின்காந்தத் தகடா (இண்டக்‌ஷன்) என்று கேட்டுவிட்டு வா. அலுமினியக் குக்கர் அந்தத் தகட்டில் சூடாகாது. அரிசி வேண்டாம், நாட்டுக்குள் தானியம் கொண்டுவரத் தாவரப் பரிசோதனைச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். இந்தியக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். ஜப்பான் அரிசியே போதும் என்று நினைத்தாலும் 2025 வசந்தத்தில் ஐந்து கிலோ 4,000 யென்னைத் தாண்டிவிட்டது, முந்தின வருடத்தைப் போல இரண்டு மடங்கு.

ஒரே பெயரென்றால் பயப்பட ஒன்றுமில்லை. குடியிருப்பு அட்டையில் அந்த ஒரே பெயர்தான் அச்சாகும். இணையப் படிவங்கள்தான் இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லி அடம்பிடிக்கும், அங்கே கவுன்டருக்கு நேரில் போய்விடு.

நரித்தா, ஹனேதா போன்ற விமான நிலையங்களில் அட்டையைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். பகுதி நேர வேலைக்கான அனுமதியையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடு, ஒரு பக்கப் படிவம்தான். வாரம் 28 மணி நேரம், நீண்ட விடுமுறைகளில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். இரண்டு கடையில் வேலை பார்த்தால் யாருக்குத் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். வரிக் கணக்கில் தெரியும், விசா நீட்டிக்கப் போகும்போது இடிக்கும். மொழி வராமல் முதல் மாதமே வேலை கிடைப்பது கஷ்டம் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பணம் கொண்டு வா.

வீடு கிடைத்துப் 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீடு, இதில் சேர்ந்தால் மருத்துவச் செலவில் நம் பங்கு 30 சதவீதம். வயது 20 தாண்டிவிட்டால் ஓய்வூதியத்திலும் சேர்ப்பார்கள், 2025 நிதியாண்டில் மாதம் 17,510 யென். கடிதத்தைப் பார்த்து மயங்கி விழாதே, மாணவர்களுக்குக் கட்டுவதைத் தள்ளிவைக்கும் சலுகை இருக்கிறது. ஆனால் நாம் விண்ணப்பித்தால்தான் தருவார்கள், ஒவ்வொரு வருடமும்.

கடைசியாக ஒன்று. வாடகை அறை என்றால் நிஜமாகவே வெறும் அறை. கூரையில் விளக்கு மாட்டும் கொக்கி இருக்கும், விளக்கு இருக்காது. திரைச்சீலை, அடுப்பு எதுவும் இருக்காது. பகலிலேயே போய்ச் சேர்.

கியோத்தோ மிதிவண்டி | செப்டம்பர் 11, காலை 1:05

சைக்கிளைப் பற்றி யாருமே எழுதவில்லையே. ஊருக்குக் கிளம்பிய சீனியர் ஒருவர் தன் சைக்கிளை எனக்குச் சும்மா கொடுத்தார். அதே வாரம் இரவு பதினொன்றரைக்குக் காமோ ஆற்றங்கரையில் ஒரு போலீஸ்காரர் மிகவும் மரியாதையாக நிறுத்தி, சைக்கிள் ஃபிரேமில் ஒட்டியிருந்த பதிவு எண்ணை வயர்லெஸ்ஸில் சொன்னார். பதிவு அந்தச் சீனியர் பெயரில். அவரோ கோயம்புத்தூரில் கல்யாண மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். என் உடைந்த ஜப்பான் மொழியில் "இது நண்பருடையது, அவர் திரும்பவில்லை" என்று சொல்ல, அவர் செத்துப்போய்விட்டார் என்று போலீஸ்காரர் புரிந்துகொண்டு தொப்பியைக் கழற்றிவிட்டார்! நாற்பது நிமிடம். கடைசியில் போன் போட்டு மாப்பிள்ளையை உயிர்ப்பித்த பிறகுதான் விட்டார்கள். யாராவது சைக்கிள் கொடுத்தால் கைமாற்றுக் கடிதம் எழுதி வாங்கி உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள்.

குடையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது, போன் பார்ப்பது எல்லாமே குற்றம். 2026 ஏப்ரல் முதல் 16 வயதும் அதற்கு மேலும் ஆன சைக்கிள்காரர்களுக்கும் அந்த இடத்திலேயே அபராதச் சீட்டு, போன் பார்த்தால் 12,000 யென். எனக்குத் தெரிந்து பாதி ஆய்வகம் மாட்டும்.

கொங்கு_செண்டாய் | செப்டம்பர் 11, மதியம் 12:20

மாப்பிள்ளையை உயிர்ப்பித்ததைப் படித்துவிட்டு நூலகத்தில் சத்தமாகச் சிரித்து வெளியே வந்துவிட்டேன்.

மூட்டைமுடிச்சு, சைவத்தைப் பற்றி. நான் எல்லாம் சாப்பிடுவேன், ஆனால் என் பக்கத்து அறை நண்பன் சுத்த சைவம், அவன் பாட்டைத் தினமும் பார்க்கிறேன். முதலில் மூன்று எழுத்தின் உருவத்தை மனதில் பதித்துக்கொள். இறைச்சி என்ற எழுத்து, ஒரு பெட்டிக்குள் இரண்டு ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் நிற்பது போல இருக்கும். மீன், மேலே ஒரு கொண்டை, நடுவில் நான்காகப் பிரித்த வயல், கீழே நான்கு புள்ளிகள். மாடு, கூட்டல் குறிக்கு மேலே இன்னொரு கோடு, இடது பக்கம் சின்னக் கொம்பு. இந்த மூன்றும் தெரிந்தால் பாதி உயிர் பிழைத்துவிடுவாய். மீதிப் பாதியை எடுப்பது தாஷி. மிசோ சூப், ஊதோன் நூடுல்ஸ், வேகவைத்த கீரை, எல்லாவற்றிலும் மீன்சாறு. "மீன் இருக்கிறதா?" என்று கேட்டால், "இல்லவே இல்லை" என்று மனதாரச் சொல்வார்கள். அவர்களுக்கு அது மீன் கணக்கிலேயே வராது. "தாஷியும் வேண்டாம்" என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

குப்பை ஊருக்கு ஊர் வேறு. இங்கே வீட்டுக் குப்பைக்குப் பச்சைப் பை, பிளாஸ்டிக்குக்குச் சிவப்புப் பை, கியோத்தோவில் எரிக்கும் குப்பைக்கு மஞ்சள். பையைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும், நம் ஊர் மளிகைக்கடைக் கவரில் கட்டிப் போட முடியாது. நான் நாள் மாற்றி வைத்த பையில் ஒரு ஒட்டுத்தாளை ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். கீழ்வீட்டுப் பாட்டி ஒன்றுமே சொல்லாமல் அடுத்த நாள் நாள்காட்டி ஒன்றை என் கதவில் செருகிவிட்டுப் போனார், என் பையைப் பார்த்தே யாருடையது என்று கண்டுபிடித்திருக்கிறார். மிளகாய்த்தூள் பாக்கெட் வேறு யார் வீட்டிலிருந்து வரும்.

பனையோலை | செப்டம்பர் 11, இரவு 10:48

நான் யாழ்ப்பாணம், இப்ப நாகோயாவில் மூன்றாம் வருடம். தாஷியைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள், எனக்கோ முதல் நாளே கண்ணில் தண்ணீர் வந்தது, சந்தோஷத்தில். தாஷிக்குப் போடுகிற கத்சுவோபுஷி வேறொன்றுமில்லை, எங்கள் மாசிதான்! அதே சூரை இன மீனை அவித்துக் காயவைத்து மரக்கட்டை போல ஆக்குவது. இவர்கள் புகை போட்டுச் சிலவற்றுக்குப் பூஞ்சணமும் பிடிக்கவிட்டுச் சீவுகிறார்கள், நாங்கள் உரலில் இடித்துச் சம்பலுக்குப் போடுகிறோம். சீவின மாசியும் தேங்காய்ப்பூவும் கொச்சிக்காய்த்தூளும் தேசிக்காயும் சேர்த்துச் சம்பல் செய்து ஆய்வகத்துக்குக் கொண்டு போனேன். சென்பாய் (சீனியர்) ஒருவர் சோற்றில் கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, இது எந்த மாகாணத்து உணவு என்று கேட்டார்.

மொழிக்கு வருவோம். தமிழ் ஆட்கள் ஏன் கான்ஜியைப் பார்த்துப் பயந்து இலக்கணத்தையும் சேர்த்துப் பயப்படுகிறீர்கள் என்று விளங்கவில்லை. வகுப்பில் ஐரோப்பியப் பிள்ளைகள் கோரே, சோரே, ஆரே என்ற மூன்றுக்கும் இரண்டு வாரம் மண்டையை உடைத்தார்கள். தனக்குப் பக்கத்தில் இருப்பது கோரே, கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது சோரே, இரண்டு பேருக்கும் தூரத்தில் இருப்பது ஆரே. எனக்கு ஒரு நிமிடம் கூட எடுக்கவில்லை. இது, உது, அது. தமிழ்நாட்டு ஆட்கள் உதுவைத் தொலைத்துவிட்டீர்கள், நாங்கள் வைத்திருக்கிறோம், ஆகவே இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு புள்ளி அதிகம்.

பிறகு வினைச்சொல். 'தபேதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார், ஒட்டின 'மிரு'வுக்குத் தனி அர்த்தமே பார்ப்பதுதான். 'யொந்தே ஓகு', படித்து வை. 'வசுரேதே ஷிமாத்தா', மறந்துவிட்டேன். 'வதாஷி மோ' என்றால் நானும், 'தரே மோ' என்றால் யாரும், அந்த 'மோ'வை எங்கே பார்த்தாலும் உம் என்று வாசியுங்கள். வாக்கிய முடிவில் வருகிற 'நே'யும் எங்கள் 'என்ன' மாதிரிதான், "இன்றைக்குக் குளிர், என்ன?"

எனக்குப் பிடித்தது 'இத்தேகிமாஸ்'. வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது சொல்வது. பிரித்தால் 'போய் வருகிறேன்'. எங்கள் வீட்டில் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினால் அம்மம்மா கூப்பிட்டு நிறுத்தி, 'போட்டு வாறன் எண்டு சொல்லு' என்பா. விடுதியில் முதன்முதலாக வார்டன் அம்மாவுக்கு அதைச் சொன்னபோது அவர் 'இத்தெராஷ்ஷாய்' என்றார், போய் வா. இரண்டு நிமிடம் வாசலில் சப்பாத்துக் கட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டு நின்றேன்.

ஒசாகா வாணி | செப்டம்பர் 12, காலை 6:50

பனையோலை, காலையிலேயே அழ வைக்காதீர்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். இந்த ஒற்றுமைகளைப் பிடித்துக்கொண்டு தமிழிலிருந்துதான் ஜப்பான் மொழி வந்தது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். ஓனோ சுசுமு என்ற ஜப்பான் அறிஞர் பல வருடம் இந்த உறவுக்காக வாதாடினார், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. வினை கடைசியில் வரும் மொழிகளில் இப்படிப் பல அமைப்புகள் தற்செயலாகவும் ஒத்துப்போகும். படிக்கும்போது கைகொடுக்கிறது, எனக்கு அது போதும்.

ஒத்துப்போகாத இடமும் சொல்கிறேன். 'தைஜோபு' என்ற ஒரு சொல் எனக்கு மூன்று மாதம் தண்ணி காட்டியது. 'பரவாயில்லை' என்று அகராதி சொல்கிறது. கொன்பினியில் (அதுதான் 24 மணி நேரக் கடை) "பை தைஜோபுவா?" என்று கேட்பார்கள். நான் சந்தோஷமாக "ஹாய், தைஜோபு" என்பேன். பை வராது. 2020 ஜூலையிலிருந்து பைக்குக் காசு, அதனால் அவர்கள் கேட்பது "பை இல்லாவிட்டாலும் பரவாயில்லையா" என்று. இரண்டு ஓனிகிரி (சோற்று உருண்டை), பால், சூடான குழம்புக் கிண்ணம் எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் நடந்திருக்கிறேன், மூன்று தடவை.

அப்புறம் இட்லி. குளிர்காலத்தில் மாவு புளிக்கவே புளிக்காது, சோற்றுக் குக்கரின் சூட்டில் வைத்தால் வெந்தே போகும். பதில், கொதாட்சு. தாழ்வான மேசை, அடியில் சின்ன ஹீட்டர், மேலே மெத்தைப் போர்வை. அதைக் குறைந்த சூட்டில் வைத்து உள்ளே மாவுப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டால் ராத்திரி முழுக்கப் பொங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தோழி ஒருத்தி வந்தாள், குளிருக்கு இதமாக வந்ததும் வராததுமாய்க் காலை உள்ளே நீட்டினாள். கணுக்கால் வரை மாவு. அவள் கேட்ட முதல் கேள்வி, "வாணி சான், இது உயிரோடு இருக்கிறதா?" இருக்கிறது என்றுதான் சொன்னேன், பொய் இல்லையே. போர்வையை உலர்த்த நான்கு நாள் ஆனது.

வாடகை வேதனை | செப்டம்பர் 12, மாலை 5:33

எல்லோரும் இனிப்பாகவே எழுதுகிறீர்கள். நான் தோக்கியோவில் விடுதிக் காலம் முடிந்து அறை தேடி ஆறு வாரம் அலைந்தேன். வீட்டு முகவர் என் முன்னாலேயே உரிமையாளருக்குப் போன் போட்டு, "மாணவர்தான், வெளிநாட்டவர், ஜப்பான் மொழி பேசுவார்" என்பார். மறுமுனையில் ஏதோ சொல்வார்கள். இவர் தலையைச் சாய்த்து, பல்லுக்கிடையில் காற்றை இழுத்து, "கொஞ்சம்..." என்பார். அந்தக் 'கொஞ்ச'த்துக்குப் பின்னால் வாக்கியமே வராது. ஒரே நாளில் ஏழு தடவை கேட்டேன். மொழித் தேர்வில் இரண்டாம் நிலை தேறிய சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு.

கிடைத்த அறைக்கு ஷிகிகின் என்று முன்பணம், ரெய்கின் என்று 'நன்றிப் பணம்', அது திரும்ப வராது, முகவர் கட்டணம், ஜாமீன் நிறுவனத்துக்குத் தனி, முதல் மாத வாடகை. உள்ளே நுழைவதற்குள் நாலரை மாத வாடகை போய்விட்டது. எனக்கு வீடு கொடுக்க மனமில்லாமல் கொடுத்தவருக்கு நான் எதற்கு நன்றிப் பணம் கட்ட வேண்டும்?

கியோத்தோ மிதிவண்டி | செப்டம்பர் 12, மாலை 6:10

நியாயமான கோபம். ஆனால் சென்னையில் நான் வீடு தேடியபோது பேச்சிலரா, அசைவமா, என்ன ஆளுங்க என்று மூன்று கேள்வி நேரடியாகவே கேட்டார்கள். இங்கே காற்றை இழுக்கிறார்கள்.

வாடகை வேதனை | செப்டம்பர் 12, மாலை 6:21

அங்கே தப்பு என்பதால் இங்கே சரி ஆகிவிடாது. அங்கே திருப்பிச் சண்டையாவது போட்டேன். இங்கே காற்றோடு எப்படிச் சண்டை போடுவது?

பழைய ஆய்வகம் | செப்டம்பர் 12, இரவு 10:15

வேதனை சொல்வது உண்மை, மூடி மறைக்க வேண்டாம். மாணவர்களுக்கு ஒரு வழி, உங்கள் பல்கலைக்கழகக் கூட்டுறவு அங்காடியில் வீடு காட்டும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வருவதே மாணவர்களுக்குக் கொடுக்கும் உரிமையாளர்கள், பேச்சு அங்கிருந்து தொடங்கும். ரெய்கின் இல்லாத அறைகளும் இப்போது நிறைய.

நிலநடுக்கத்தைப் பற்றி இழையைத் தொடங்கிய தம்பி ஒரே வரியில் தாண்டிவிட்டார். நான் 2011இல் செண்டாயில் இருந்தேன். மார்ச் 11, மதியம் 2:46. நிலநடுக்கத்தின் அளவைப் பிறகுதான் கேட்டோம், 9.0. ஆய்வகம் மூன்றாம் மாடி. நிற்கும் என்று நினைத்த ஒவ்வொரு தடவையும் இன்னும் பலமாக ஆடியது. அதை விவரிக்கப் போவதில்லை. அன்று சாயங்காலம் பனி பெய்தது, இரவில் ஊரே இருட்டு, வானம் தெளிந்தபோது நகரத்துக்கு மேல் அத்தனை நட்சத்திரங்களை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை. கடலோரத்தில் என்ன நடந்திருந்தது என்பது எங்களுக்கு அப்போது முழுதாகத் தெரியாது.

மின்சாரமும் தண்ணீரும் முதலில் வந்தன. குழாய் எரிவாயு ஊர் முழுக்கத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, துறைமுகத்தில் இருந்த எரிவாயு ஆலையைச் சுனாமி அடித்திருந்தது. எரிவாயு இல்லையென்றால் வெந்நீர் இல்லை, வெந்நீர் இல்லையென்றால் ஷவரும் தொட்டியும் வீண். விடுதியில் எல்லோரும் நாள் கணக்கில் ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மின்கெட்டிலில் இரண்டு தடவை கொதிக்க வைத்து, வாளியில் பச்சைத் தண்ணீரோடு விளாவி, ஒரு குவளையை வைத்துத் தலைக்கு ஊற்றிக் குளித்துவிட்டு வந்தேன். ஈரத் தலையோடு என்னைப் பார்த்த கொரியப் பையன், எங்கே வெந்நீர் என்று அலறினான். ஒரே வாளியில் தலை முதல் கால் வரை குளிப்பது எப்படி என்று அன்று மாலை நான்கு நாட்டுக்காரர்களுக்கு வகுப்பு எடுத்தேன். சோப்புப் போடும்போது தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

வேலைக்கு ஆகும் விஷயம் ஒன்று. நன்றாகக் குலுங்கினால், சுமார் ஐந்தாம் ஷிந்தோ அளவில் (ஷிந்தோ என்பது ஓரிடத்தில் எவ்வளவு ஆடியது என்பதைச் சொல்லும் ஜப்பான் கணக்கு), எரிவாயு மீட்டர் தானாகவே நின்றுவிடும். அடுப்பு எரியவில்லை என்று ஆளைக் கூப்பிட்டுக் காத்திருக்காதீர்கள். முதலில் வாயு வாடை அடிக்கிறதா என்று பாருங்கள், அடித்தால் எதையும் தொடாமல் வெளியே வாருங்கள். வாடை இல்லையென்றால் எல்லா அடுப்பையும் மூடிவிட்டு, வாசல் பக்கம் இருக்கும் மீட்டரில் மீட்புப் பொத்தானை அழுத்துங்கள், சிவப்பு விளக்கு மினுக்கும், மூன்று நிமிடம் சும்மா இருங்கள். விளக்கு நின்றதும் அடுப்பைப் பற்றவைக்கலாம். அவசரத்துக்கு எண்கள், போலீஸ் 110, ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 119. ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது.

கொங்கு_செண்டாய் | செப்டம்பர் 13, காலை 12:40

அண்ணா, இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். என் மீட்டர் எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் போன் விளக்கை அடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஷூ அலமாரிக்குப் பின்னால் இரும்புக் கதவுக்குள் இருக்கிறது. ஒரு வருடமாக அதன் மேல்தான் குடையைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு இந்த இழையைப் படித்துக் காட்டினேன். இப்போது தினமும் போன் எடுத்ததும் அவர் கேட்பது, "இன்னைக்கு என்னை அந்த வாத்தியார் என்ன சொன்னாரு?" சென்ற வாரம் என் அறிக்கையைச் சென்சேய் பாராட்டினார் என்று சொன்னதற்கு, "பரவாயில்லை, கஷ்டப்பட்டுப் படிச்சேன்" என்கிறார்.

மூட்டைமுடிச்சு | செப்டம்பர் 29, இரவு 8:57

வந்து சேர்ந்துவிட்டேன். மிக்ஸியை எடுத்துவிட்டேன், அரிசியை எடுத்துவிட்டேன், வேலை அனுமதியை விமான நிலையத்திலேயே வாங்கிவிட்டேன், அட்டையில் ஒரே பெயர், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்தேன். ரயிலில் ஒரு தடவை எதிர்ப்பக்கம் ஏறிவிட்டதால் அறைக்கு வர மட்டும் ஏழு மணி ஆகிவிட்டது.

விளக்கு இல்லை. நிஜமாகவே இல்லை. போன் 11 சதவீதம்.

பழைய ஆய்வகம் | செப்டம்பர் 29, இரவு 8:59

குளியலறையில் இருக்கும், அங்கே மட்டும் விளக்கு போட்டே கொடுப்பார்கள். கதவைத் திறந்து வை.

மூட்டைமுடிச்சு | செப்டம்பர் 29, இரவு 9:04

இருக்கிறது!! குளியலறை வாசலில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வாழை இலை எரிக்கும் குப்பைதானே?